மௌனப்பட மாலைகளில் பெர்ட் வில்லியம்ஸுக்கு ஓர் இடம்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படச் சங்க நண்பர்களுக்கு வணக்கம்.

ஊருக்கு ஊர் கல்லூரிக் கூடங்களிலும் நூலக மாடிகளிலும் வாடகை அரங்குகளிலும் உலகப் படங்களைத் திரையிட்டு வருகிறீர்கள். உங்களால்தான் என்னைப் போன்றவர்கள் படம் பார்க்கக் கற்றுக்கொண்டோம். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மௌனப்பட நகைச்சுவைக்கென்று நீங்கள் ஒரு மாலையை ஒதுக்கும்போதெல்லாம் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஹெரால்ட் லாய்ட், நேரம் மிஞ்சினால் லாரலும் ஹார்டியும். இவர்களில் யாரையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்த மாலையின் முதல் அரை மணி நேரத்தைக் கருப்பின அமெரிக்க நகைச்சுவை நடிகரும் பாடகருமான பெர்ட் வில்லியம்ஸுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சாப்ளினின் முதல் படம் வெளிவந்தது 1914இல். அதற்கு முந்தைய ஆண்டே வில்லியம்ஸ் ஒரு கதைப்படத்தில் நாயகனாக நடித்து முடித்திருந்தார். அதற்கும் பத்தாண்டுகள் முன்பே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் அவர் நட்சத்திரம். அவர் பாடிய இசைத்தட்டுகள் அமெரிக்கா முழுவதும் விற்றன. இவ்வளவும் இருந்தும் அவர் பெயர் நம் திரையிடல்களில் வருவதே இல்லை. அவரைப் பற்றித் தெரியாதது ஒரு காரணம். தெரிந்தவர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கரியை அப்பிய முகத்தோடும் வெளுப்பாகத் தீட்டிய தடித்த உதடுகளோடும்தான் அவர் திரையில் தோன்றுகிறார். கருப்பின மக்களை இழிவுபடுத்தவென்றே உருவான ஒப்பனை அது. அதைத் திரையில் காட்டுவதா என்ற தயக்கம் நேர்மையானது. ஆனாலும் காட்ட வேண்டும் என்றே சொல்வேன். ஏன் என்பதற்கு அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எக்பர்ட் ஆஸ்டின் வில்லியம்ஸ் 1874 நவம்பர் 12 அன்று பஹாமாஸ் தீவுகளில் உள்ள நாசோவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, கடைசியில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் தங்கியது. ஆறடிக்கு மேல் உயரம், வெளிர்ந்த மாநிறம், நிதானமான பேச்சு. மேடைக்குப் போக ஆசைப்பட்ட கருப்பின இளைஞனுக்கு அன்று திறந்திருந்த கதவு ஒன்றுதான்: மின்ஸ்ட்ரல் குழுக்கள். வெள்ளைக்காரர்கள் தக்கையை எரித்து அரைத்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கருப்பர்களைச் சோம்பேறிகளாகவும் திருடர்களாகவும் முட்டாள்களாகவும் நடித்துக் காட்டி, தலைமுறை தலைமுறையாகப் பணம் பண்ணிய கலை அது. உண்மையான கருப்பர்கள் மேடையேறியபோது அவர்களும் அதே கரியைப் பூசிக்கொண்டால்தான் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் ஜார்ஜ் வாக்கரைச் சந்தித்தார். கான்சாஸ் மாநிலத்திலிருந்து ஆடிப் பாடியே மேற்குக் கரைவரை வந்து சேர்ந்தவர் வாக்கர். இருவரும் கூட்டாளிகளானார்கள். மறு ஆண்டு அந்த நகரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி நாட்டு மக்களைக் கூண்டு விலங்குகளைப்போலக் காட்சிக்கு வைப்பதாக ஏற்பாடு. அவர்கள் வந்து சேரத் தாமதமானதால், உள்ளூர்க் கருப்பர்களைப் பிடித்துத் தோலாடை கட்டி நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் வாக்கரும் வில்லியம்ஸும் உண்டு. உண்மையான தஹோமி மக்கள் வந்தபின் இவர்கள் அவர்களிடம் போய்ப் பழகினார்கள், பாட்டையும் ஆட்டத்தையும் பார்த்தார்கள். நமக்கென்று ஒரு மேடை கிடைத்தால் ஆப்பிரிக்காவை அதில் கொண்டுவருவோம் என்று அன்று முடிவு செய்ததாக வாக்கர் 1906இல் ஒரு நாடக இதழில் எழுதினார். அந்த முடிவை அவர்கள் நிறைவேற்றவும் செய்தார்கள்.

முதலில் வாக்கர்தான் சிரிப்பு நடிகர், வில்லியம்ஸ் அவருக்கு ஈடுகொடுக்கும் பாடகர். கரி பூசிய வெள்ளைக்காரர்களுக்கு எதிராகத் தங்களை "அசல் ஆட்கள்" என்று விளம்பரப்படுத்திக்கொண்டார்கள். அந்த விளம்பரத்தில் கருப்பர்களை ஏசும் ஓர் இழிசொல்லையும் சேர்க்க வேண்டியிருந்தது. 1896 வாக்கில் டெட்ராய்ட் நகரில் ஒருநாள் வில்லியம்ஸ் கரியைப் பூசிக்கொண்டு, தானே எழுதிய ஒரு பாட்டைப் பாடினார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. தன்னை வேறொரு மனிதனாகப் பார்க்க முடிந்த பிறகுதான் தனக்குள் இருந்த நகைச்சுவை உணர்வு வளர்ந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். இந்த ஒரு வாக்கியத்தை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். இழிவுக்காகச் செய்யப்பட்ட முகமூடிக்குள் நுழைந்த ஒருவர், அதற்குள்ளிருந்து தனக்கென்று ஒரு மனிதனைக் கண்டெடுக்கிறார். எப்போதும் தோற்கிறவன், மெதுவாக நடக்கிறவன், எதிர்காலத்தின்மேல் நம்பிக்கை இல்லாவிட்டாலும் மரியாதையைக் கைவிடாதவன். மேடையில் பேசிய தென்மாநிலக் கருப்பர் வழக்கும் அவருக்குப் பிறப்பு மொழி அல்ல. இத்தாலியரின் பேச்சைப் போலவே அதுவும் எனக்கு அந்நியம், உழைத்துத்தான் கற்றேன் என்று சொல்லியிருக்கிறார். "இயல்பாகவே வேடிக்கையானவர்கள்" என்று தன் இனத்தைப் பார்த்துச் சிரித்த ரசிகர்கள் முன்னால், ஒவ்வொரு அசைவையும் படித்துப் பழகி வந்து நின்ற கலைஞர் அவர்.

1903 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் தியேட்டரில் 'இன் தஹோமி' என்ற இசை நாடகம் அரங்கேறியது. இசை வில் மரியன் குக், நாடக எழுத்து ஜெஸ்ஸி ஷிப், பாடல்களில் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரின் பங்கு. எழுதியவர்களும் நடித்தவர்களும் கருப்பினத்தவராக இருந்து, பிராட்வேயின் முக்கிய அரங்கொன்றில் நடந்த முதல் முழுநீள இசை நாடகம் அதுதான். மேடை முழுக்கக் கருப்பர்கள் நிற்க, அதே அரங்கில் கருப்பினப் பார்வையாளர்களுக்கு மாடி இருக்கைதான் கிடைத்தது. பிறகு நாடகம் லண்டனுக்குப் போனது. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று இளவரசர் எட்வர்டின் ஒன்பதாம் பிறந்தநாளுக்காக பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே நடத்திக் காட்டினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1900 ஆகஸ்டில், நியூயார்க் இனக் கலவரத்தின்போது கும்பல் இவர்களுடைய பெயர்களைக் கூவித் தேடியிருந்தது. புகழ் பெற்ற கருப்பர்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம்.

இனி அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'நோபடி'. சொற்கள் அலெக்ஸ் ராஜர்ஸ், இசை வில்லியம்ஸ். 1905இல் பிறந்தது, 1906இல் கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. மேடையில் அதை அவர் பாடிய விதம் பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. பொருந்தாத கோட்டும் பெரிய செருப்புமாக வருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அவசரமே இல்லாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அரங்கம் காத்திருக்கும். வேண்டிய பக்கம் கிடைத்ததும் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் தொடங்குவார். மழையும் துயரமுமாக வாழ்க்கை கிடக்கும்போது யார் என்னைத் தேற்றினார்கள், பசித்துக் கிடந்தபோது யார் சோறு போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: யாருமில்லை. இசைத்தட்டில் ஒரு டிராம்போன் அவரோடு சேர்ந்து முனகுகிறது. குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே வருகிறது. அந்தப் பின்தங்கலில்தான் சிரிப்பு இருக்கிறது, வலியும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு யாரும் எதுவும் தரும்வரை நானும் யாருக்கும் எதுவும் செய்யமாட்டேன் என்று பல்லவி முடியும்போது, கேட்பவர்கள் சிரித்தார்கள். ஒரு நாட்டின் மேல் வைக்கப்பட்ட முழுக் குற்றச்சாட்டு அந்த வரி. அதை எல்லோரும் காசு கொடுத்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது. புதிதாக எதையாவது பாட முயன்றாலும் ரசிகர்கள் இதைத்தான் கேட்டார்கள் என்றும், எழுதியவரையும் மெட்டமைத்தவரையும் யாராவது முன்பே கொன்றுபோட்டிருக்கக் கூடாதா என்று தோன்றியதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

வாக்கர் 1909இல் நோயில் விழுந்தார். அவருடைய மனைவியும் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நடனக் கலைஞர்களில் ஒருவருமான ஏய்டா ஓவர்ட்டன் வாக்கர், கணவனின் ஆண் உடையைத் தரித்து அவர் வேடத்தை ஏற்று நடித்தார். 1911 ஜனவரியில் வாக்கர் இறந்தார். குழுவின் வணிகத்தை நடத்தியதும், உரிமைக்காகச் சண்டை போட்டதும் அவர்தான். அவர் போனபின் வில்லியம்ஸ் தனியரானார்.

வாக்கர் நோயாளியாகக் கிடந்த 1910இலேயே மேடைத் தயாரிப்பாளர் ஜீக்ஃபெல்ட் தன் 'ஃபாலீஸ்' நிகழ்ச்சிக்கு வில்லியம்ஸை அழைத்தார். பிராட்வேயின் பகட்டான வெள்ளையர் நிகழ்ச்சி அது. ஒரு கருப்பரோடு மேடையைப் பகிரமாட்டோம் என்று சில நடிகர்கள் மிரட்டினார்கள். உங்களில் யாரை வேண்டுமானாலும் மாற்றிவிட முடியும், அவரை மட்டும் முடியாது என்று ஜீக்ஃபெல்ட் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். இடையிடையே விலகினாலும் 1919வரை அவர் அங்கே நடித்தார். தனிமையில் வெள்ளைப் பெண்ணோடு மேடையில் நிற்கக் கூடாது, தென்மாநிலங்களுக்குச் சுற்றுப்பயணம் கிடையாது என்பவை அந்த வேலையோடு சேர்ந்து வந்த ஏற்பாடுகள். கருப்பினப் பத்திரிகைகளிலும் அவருக்கு எதிரான குரல்கள் எழுந்தன. தன் இனத்தின் மேடையை விட்டுவிட்டு வெள்ளையரிடம் போய்விட்டார் என்ற வருத்தம் அதில் இருந்தது. அந்த வருத்தத்தையும் நான் மதிக்கிறேன். வாக்கரோடு சேர்ந்து கருப்பர்களுக்கு வேலை தந்த ஒரு பெரிய குழுவை நடத்தியவர், கடைசியில் வெள்ளைக் கூட்டத்தில் ஒற்றைக் கருப்பராக நின்றார்.

நிகழ்ச்சி முடிந்தபின் அவர் நிலைமை என்ன என்பதை உடன் நடித்த எடி கேன்டர் பதிவு செய்திருக்கிறார். தங்கும் விடுதியில் வேலைக்காரர்களுக்கான பின்பக்க லிஃப்டில்தான் வில்லியம்ஸ் ஏற வேண்டும். "காதில் அந்தக் கைதட்டல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்காவிட்டால் இது இவ்வளவு மோசமாக இருக்காது" என்று அவர் கேன்டரிடம் சொன்னாராம். நான் பார்த்தவர்களிலேயே மிக வேடிக்கையானவர், நான் அறிந்தவர்களிலேயே மிகத் துயரமானவர் என்று நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் சொன்னதும் அவரைப் பற்றித்தான். வில்லியம்ஸ் தன் வாயால் சொன்னது இதைவிட அடக்கமானது: கருப்பினத்தவனாக இருப்பதில் எந்த அவமானத்தையும் நான் கண்டதில்லை, ஆனால் அமெரிக்காவில் அது வசதிக்குறைவாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நண்பர்களே, திரையிடலுக்கு வருகிறேன். 1916இல் பயோகிராஃப் நிறுவனத்துக்காக அவர் நடித்த 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' இரண்டு ரீல் படம். காப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லை, இணையத்திலேயே கிடைக்கிறது. சீட்டாடிப் பிடிபடும் ஒருவனின் சின்னக் கதை. ஒளிப்பதிவு பில்லி பிட்ஸர், இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் படங்களால் நீங்கள் அறிந்தவர்தான். கதையில் இருக்கும் கோழித் திருட்டு வகைக் கேலிகள் அந்தக் காலத்தின் நஞ்சு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறைக்குள் போனபின் வரும் கடைசிக் காட்சிக்காகக் காத்திருங்கள். கையில் சீட்டு இல்லை, எதிரில் ஆள் இல்லை. அவர் போக்கர் ஆடத் தொடங்குகிறார். இல்லாத சீட்டைப் பிரித்து, இல்லாத எதிராளிகளுக்குப் போடுகிறார். ஒவ்வொருவர் முகத்தையும் சந்தேகத்தோடு பார்க்கிறார். தன் சீட்டைக் கொஞ்சமாக விலக்கிப் பார்க்கிறார். நல்ல சீட்டு வந்த மகிழ்ச்சியை அடக்கப் பார்க்கிறார். கற்பனையில் ஆடும் ஆட்டத்தில்கூட அவர் தோற்றுவிடுகிறார். மேடையில் பல ஆண்டுகள் செய்து மெருகேற்றிய மௌன நடிப்பு இது. கண் இமை, ஒரு விரலின் தயக்கம், தோள் சரியும் வேகம், இவ்வளவுதான் கருவிகள். கீட்டனின் அசையாத முகத்தைப் பற்றி நாம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சைத் தொடருவோம்.

இன்னொன்று உண்டு, அதைப் பெறக் கொஞ்சம் முயற்சி வேண்டும். 1939இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரைப்படப் பிரிவை நடத்திய ஐரிஸ் பாரி, மூடப்பட்ட பயோகிராஃப் நிறுவனத்தின் நெகட்டிவ்களை வாங்கிப் பாதுகாத்தார். அவற்றுக்குள் தலைப்பில்லாத, தொகுக்கப்படாத ஏழு ரீல்கள் இருந்தன. பல ஆண்டுகள் அது என்ன படம் என்றே தெரியவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், 1913இல் எடுத்து வெளியிடாமலேயே கைவிட்ட படம் என்று தெரியவந்தது. 'லைம் கில்ன் ஃபீல்ட் டே' என்ற பெயரில் 2014இல் அருங்காட்சியகம் அதைத் திரையிட்டது. நாயகன் வில்லியம்ஸ், நாயகி ஒடெஸ்ஸா வாரன் கிரே, உடன் அந்தக் காலத்து ஹார்லெம் மேடைக் கலைஞர்கள் ஏராளமானோர். கருப்பின நடிகர்களைக் கொண்டு எடுத்த கதைப்படங்களில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று.

ஒரு பெண்ணின் மனத்தை வெல்ல மூன்று பேர் போட்டியிடும் கதை. திருவிழா, குடைராட்டினம், கேக்வாக் நடனம், இறுதியில் ஒரு முத்தம். கரி பூசியிருப்பவர் வில்லியம்ஸ் ஒருவர்தான். மற்ற எல்லோரும் தங்கள் சொந்த முகத்தோடு, நல்ல உடைகளில், தலைநிமிர்ந்து நிற்கிறார்கள். நாயகர் ஒருவர் அந்த ஒப்பனையைச் சுமந்ததால்தான் மற்றவர்கள் இயல்பான முகத்தோடு கேமரா முன்னால் நிற்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ராட்டினத்தில் காதலர்கள் சுற்றும் காட்சியில் மகிழ்ச்சி மட்டும்தான் இருக்கிறது. அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய யாரும் இல்லை. முத்தக் காட்சி கேலிக்கூத்தாக எடுக்கப்படவில்லை, இருவருக்கும் நடுவில் உண்மையான கனிவு தெரிகிறது. ஒரு கருப்பின ஆணும் பெண்ணும் காதலோடு முத்தமிடுவதை அமெரிக்கத் திரை பிறகு நெடுங்காலம் காட்டவில்லை. 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது, கருப்பர்களைக் காமவெறியர்களாகக் காட்டிப் பெரும் பணம் சம்பாதித்தது. ஒரு படம் பெட்டிக்குள் கிடந்தது, மற்றது திரைப்பட இலக்கணமாகப் பாடப்புத்தகத்தில் ஏறியது. நாமும் அந்தப் பாடப்புத்தகத்தைத்தான் படித்தோம்.

'லைம் கில்ன்' வெட்டித் தொகுக்கப்படாத மூலப் படச்சுருள் என்பதால் ஒரு காட்சியை எடுப்பதற்கும் அடுத்ததை எடுப்பதற்கும் இடையில் நடப்பதும் பதிவாகியிருக்கிறது. வெள்ளை இயக்குநர்களும் கருப்பின நடிகர்களும் பேசிக்கொள்கிறார்கள், காத்திருக்கிறார்கள். வேடத்தில் இல்லாத வில்லியம்ஸைச் சில நொடிகள் பார்க்கிறோம். அந்த நொடிகளை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டிவிட்டு, கரி பூசிய பகுதியை விட்டுவிடலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கரி பூசிய முகத்தோடு அவர் செய்து முடித்ததுதான் அவருடைய வாழ்நாள் வேலை. அதை நீக்கிவிட்டால் அவருடைய திறமையும் போய்விடும், அவருக்கு நேர்ந்த அநியாயமும் மறைந்துவிடும். இழிவின் அடையாளத்தை நாம் பார்க்காமல் தவிர்ப்பதால் அதைப் பூசிக்கொள்ள நேர்ந்தவருக்கு எந்த நன்மையும் இல்லை.

முன்னுரை இல்லாமல் திரையிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நிறத்தைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் வழக்கம் நம் திரையில் ஓய்ந்துவிடவில்லை. கருத்த நடிகரைக் கரிக்கட்டை என்று சக நடிகர் அழைப்பதும், சிவந்த நடிகையின் முகத்தில் கருப்புப் பூசி ஏழைப் பெண்ணாக நிறுத்துவதும் நமக்குப் பழகிப்போனவை. அந்தப் பழக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அரங்கில் வில்லியம்ஸின் முகம் தோன்றியதும் சிலர் உடனே சிரிக்கக்கூடும். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்ளும் விதமாக ஐந்து நிமிடம் பேசுங்கள். மின்ஸ்ட்ரல் மேடை என்ன என்பதையும், அந்த லிஃப்டையும் சொல்லுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் 'நோபடி' இசைத்தட்டை ஒலிக்க விடுங்கள். 1923க்கு முந்தைய அமெரிக்க ஒலிப்பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி முதல் அங்கே காப்புரிமை நீங்கிப் பொதுச் சொத்தாகிவிட்டன. அந்தக் குரலைக் கேட்டபின் மௌனப்படத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த உதடுகள் அசையும்போது யார் பேசுகிறார் என்று தெரியும்.

1922 பிப்ரவரி இறுதியில், டெட்ராய்ட் மேடையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சரிந்து விழுந்தார். அதுவும் நடிப்பு என்று நினைத்து அரங்கம் சிரித்தது. மார்ச் 4 அன்று நியூயார்க்கில் காலமானார். வயது 47. இது வெறும் சிரிப்பு அல்ல, இரத்தத்துக்கும் துயரத்துக்கும் மேலே மிதந்த புன்னகை, வீரத்தின் உச்சம் இதுவே என்று கருப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அவரை முன்னிட்டு எழுதினார். 1940இல் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் அவர் நினைவாக ஓர் இசைக்கோலம் அமைத்தார். கலைஞர்களும் சிந்தனையாளர்களும் அவரை மறக்கவில்லை. மறந்தது படம் திரையிடுகிறவர்களின் பட்டியல்கள்தான்.

உங்கள் அடுத்த மௌனப்பட மாலைக்கு நாள் குறிக்கும்போது 'நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' படத்தை முதலில் வையுங்கள். 'லைம் கில்ன்' பதிவுக்காக நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒரே கடிதமாக எழுதினால், தனித்தனியாக எழுதுவதைவிடப் பயன் இருக்கும். 'நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' படத்தின் இடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கவும், முன்னுரைக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தரவும் நான் அணியமாக இருக்கிறேன். எந்தச் சங்கம் கேட்டாலும் கட்டணமில்லாமல் அனுப்பிவைப்பேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களில் பின்வரிசையில் உட்காரும் ஒரு பார்வையாளர்